20 வருஷம் கழிச்சு மறுபடி காயின் சேகரிப்பு: பழைய ஆல்பத்தை என்ன செய்வது, எங்கே தொடங்குவது?

நாலணா_நாகை எழுதியது:

வணக்கம். 2003-இல் நிறுத்திய சேகரிப்பை மீண்டும் தொடங்குகிறேன். கையில் இருப்பது: பிளாஸ்டிக் பை வைத்த ஆல்பம் ஒன்று, பிஸ்கட் டின் ஒன்று.

ஆல்பத்தில் 1957 முதல் 2002 வரையிலான பைசா, ரூபாய்க் காசுகள் சுமார் 340. டின்னில் ஓட்டைக் காலணா 22, செம்புக் காலணா 30-க்கு மேல், வெள்ளி ரூபாய் ஆறு: 1862 இரண்டு, 1919 ஒன்று, 1944 இரண்டு, 1947 ஒன்று. 1862-இல் ஒன்று 11.52 கிராம், மற்றது 10.2 கிராம் காட்டுகிறது.

ஆல்பத்துக் காசுகள் பலவற்றில் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பு. அலுமினிய 5 பைசா, 10 பைசாவில் வெள்ளைப் புள்ளி. செம்புக்காசில் பத்துப் பதினைந்து அப்போதே புளி போட்டுத் தேய்த்தவை, பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கின்றன.

கேள்விகள்: பச்சையை எடுக்க முடியுமா? எல்லாவற்றையும் ஒருமுறை கழுவிவிடலாமா? 2003-க்குப் பிறகு வந்தவற்றை எந்த வரிசையில் தேடுவது? முதலில் எதை வாங்க வேண்டும்?

---

காலணா எழுதியது:

முதலில் வாங்க வேண்டியது காசு இல்லைங்க. ஹோல்டர் (காசைத் தனித்தனியாக வைக்கிற அட்டை உறை), 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற சுத்தமான அசிட்டோன் ஒரு பாட்டில். இந்த நாலும் வருவதற்குள் ஒரு காசைக்கூட கழுவாதீங்க, துணியால்கூட துடைக்காதீங்க.

உங்க ஆல்பத்துப் பை பிவிசி என்கிற வகை பிளாஸ்டிக். மோந்து பாருங்க, புது ஷவர் திரை மாதிரி ஒரு நெடி வரும். பை தொளதொளவென்று, கொஞ்சம் எண்ணெய் தடவினாற்போல இருக்கும். அந்தப் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் வருஷக்கணக்கில் வெளியே கசிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விடும். அது செம்பைத் தின்று உண்டாவதுதான் அந்தப் பச்சை. 5 ரூபாய், பழைய 1 ரூபாய் மாதிரி செம்பு நிக்கல் காசிலும் வரும், ஏன்னா அதில் 75 சதவீதம் செம்புதான். நம்ம ஊர் வெயிலும் கடற்காற்றும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

எடுக்கும் முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துடுங்க. உள்ளே சொருகி வச்ச துண்டுச் சீட்டு, தேதி, யார் கொடுத்தது என்ற குறிப்பு இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீங்க. பின்னாடி அந்தத் தகவலை எங்கே போயும் வாங்க முடியாது.

பச்சையை எடுக்கும் முறை:

கண்ணாடி கிண்ணம் மூணு. பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், சில வகை பிளாஸ்டிக் அசிட்டோனில் கரைந்து காசின் மேலேயே படியும். அசிட்டோன் லேப் கெமிக்கல் விற்கும் கடையில் 500 மில்லி பாட்டிலாகக் கிடைக்கும், 99 சதவீதத்துக்கு மேல் சுத்தம் என்று போட்டிருக்கணும். நகப்பூச்சு எடுக்கிற திரவம் அசிட்டோன்தானே என்று அதை ஊற்றினால் அதில் இருக்கும் எண்ணெயும் வாசனையும் காசில் ஒட்டிக்கும்.

முதல் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் நாலைந்து காசு போட்டு, மேலே ஒரு கண்ணாடித் தட்டால் மூடி 30 நிமிஷம். பிசுபிசுப்பு தடிமனாக இருந்தால் ராத்திரி முழுக்க. பிறகு இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் 5 நிமிஷம், மூணாவதில் ஒரு முக்கு. விளிம்பைப் பிடித்து எடுத்து டர்க்கி டவல் மேல் வைங்க. ஒரு நிமிஷத்தில் தானே ஆவியாகிடும். தேய்க்கவே கூடாது. முதல் கிண்ணத்துத் திரவம் மங்கலாகிவிட்டால் மாற்றிடுங்க. அழுக்கு அசிட்டோன் காய்ந்தால் அதே எண்ணெய் மெல்லிய படலமாகக் காசு முழுக்கப் பரவி நிற்கும். பலர் "அசிட்டோன் போட்டேன், காசு மங்கிடுச்சு" என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

ஜன்னல் திறந்திருக்கணும். அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. இதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

பச்சை போனபின் அடியில் குழிக்குழியாக இருந்தால் உலோகம் ஏற்கெனவே அரிக்கப்பட்டு விட்டது. அதற்கு மருந்தில்லை. ஆனால் மேற்கொண்டு அரிக்காது.

அலுமினியக் காசின் வெள்ளைப்புள்ளியைத் தொடாதீங்க. சோடா மாவு, எலுமிச்சை, வினிகர் எது பட்டாலும் அலுமினியம் கரையும். அசிட்டோனில் மட்டும் முக்கி எடுத்துக் காயவைத்துத் தனி ஹோல்டரில் போடுங்க. செம்புக் காசும் அலுமினியக் காசும் ஒட்டிக் கிடந்தால் ஈரத்தில் அலுமினியம்தான் முதலில் போகும். டின்னில் கலந்து கொட்டி வைப்பது அதனால்தான் ஆகாது.

---

துலாக்கோல் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒத்துப் போகிறேன், ஒரே ஒரு திருத்தம். செம்பு, வெண்கலக் காசுகளை ராத்திரி முழுக்க ஊற வைக்க வேண்டாம். குறிப்பாக அச்சடித்த சிவப்பு நிறம் இன்னும் போகாத காலணா இருந்தால் பத்து நிமிடம் போதும். சுத்தமான அசிட்டோன் செம்போடு வினை புரியாது என்பது சரி. ஆனால் ஈரம் கலந்து, வெளிச்சமும் பட்டால் நிறம் மாறிய காசுகளை இந்தக் குழுவிலேயே பலர் காட்டியிருக்கிறார்கள். பிசுபிசுப்பே இல்லாத செம்புக்காசை எதிலும் போடாதீர்கள். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கல்ல, உலோகத்தின் மேல் தோல்.

புளி போட்ட காசுகளைப் பற்றி. புளியிலுள்ள அமிலம் அந்தத் தோலை உரித்துவிட்டது. லென்ஸில் பாருங்கள்: மேடான இடமும் பள்ளமான இடமும் ஒரே இளஞ்சிவப்பு, ஒரே மங்கல். கழுவாத காசில் எழுத்தின் ஓரங்களில் கருமை தங்கி, மேடு வெளிறியிருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் காசுக்கு உயிர். வெள்ளியை விபூதி போட்டுத் தேய்த்ததும் இதே கதை; வெளிச்சத்தில் சாய்த்தால் வட்டவட்டமாக மயிரிழைக் கீறல்கள் தெரியும். புதுக் காசைச் சுழற்றினால் சக்கரத்தின் ஆரம்போல ஒளி ஓடும், தேய்த்த காசில் ஓடாது. இதை மீட்க முடியாது. கந்தகம் வைத்து, முட்டை வைத்து மீண்டும் கறுக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நல்லது கிடைக்கும்வரை அந்தக் காசே ஆல்பத்தில் இடத்தை நிரப்பட்டும், "கழுவியது" என்று ஹோல்டரில் எழுதி வையுங்கள். விற்கும்போதும் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

இனி வெள்ளி ரூபாய்.

1947 ரூபாயை ஒரு காந்தத்தின் அருகே கொண்டு போங்கள், ஒட்டும். அது வெள்ளியே அல்ல, நிக்கல். பின்புறம் புலி நடக்கிற காசு. புலி இருப்பதாலேயே "வெள்ளி ரூபாய்" என்று விலை சொல்வோர் உண்டு.

1944 காசுகள் பாதி வெள்ளிதான்: 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். 1940-இல் இந்தக் கலவைக்கு மாறினார்கள். எடை மட்டும் பழையபடி 11.66 கிராம். 1862, 1919 காசுகள் 12-இல் 11 பங்கு வெள்ளி, அதே 11.66 கிராம், விட்டம் ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். உங்கள் 11.52 கிராம் காசு தேய்மானத்துக்குப் பொருத்தம். 10.2 பொருந்தவில்லை. அவ்வளவு எடை தேய்ந்து போயிருந்தால் ராணியின் முகமே மழுங்கியிருக்க வேண்டும். முகம் தெளிவாக இருந்து எடை மட்டும் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். தராசில் ஒரு சிறு டம்ளர் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி தொங்க விடுங்கள். அடியிலோ ஓரத்திலோ படக்கூடாது, காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்தான் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுங்கள். 11.52 கிராம் காசுக்குத் தண்ணீரில் 1.11 அல்லது 1.12 காட்டினால் அடர்த்தி 10.3 வரும், நல்ல வெள்ளி. 1944 காசுக்கு 9.5 அருகில் வரும். 8.5, 8.9 என்று வந்தால் பித்தளை அல்லது செம்பு நிக்கல் மேல் வெள்ளி முலாம். நீரில் காட்டும் எண்ணில் 0.02 பிசகினாலே விடை 0.2 மாறும், அதனால் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

அடர்த்தி சரியாக வந்துவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்ட முடியாது, வெள்ளியிலேயே போலி அடிக்கிறார்கள். விளிம்பைப் பாருங்கள். அசலில் வரிப்பள்ளங்கள் சம இடைவெளியில் கூர்மையாக இருக்கும். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம் இருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் வரி அழிந்து மேடாக இருந்தால் அது வேறு: காசுமாலையில் வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு. காசு அசல்தான், விலை வெகுவாகக் குறையும்.

---

நாலணா_நாகை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 1947 காந்தத்தில் ஒட்டியது.

இன்னொன்று விட்டுப் போயிற்று. டின்னில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, ஒரு அணா என்று போட்ட கனமான செம்புக்காசு ஒன்று இருக்கிறது. ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகம். இதற்கு இணையத்தில் லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். 1985 ஒரு ரூபாயில் தேதிக்குக் கீழே ஹெச் எழுத்து இருந்தால் பெரிய விலை என்கிறார்களே, அதுவும் உண்மையா?

---

மின்ட்மார்க் எழுதியது:

ராமர் காசு நாணயமே இல்லை. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. ஒரு அணா மதிப்பில் காசு பிரிட்டிஷ் இந்தியாவில் 1907-இல்தான் வந்தது. அதுவும் செம்பு நிக்கல், விளிம்பு பூவிதழ் போல வளைந்து வளைந்து இருக்கும். 1616, 1717, 1818, 1839 என்று பல தேதிகளில் அனுமார், சிவன், லட்சுமி போட்டு வருகிற எல்லாமே பிற்காலத்தில் பூஜைக்கும் வியாபாரத்துக்கும் செய்த வில்லைகள். சென்னை மாகாணத்துக் கம்பெனி வராகனில் பெருமாள் உருவம் இருந்தது உண்மை, ஆனால் அது சிறிய தங்கக்காசு. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வில்லைகளை நம்ப வைக்கிறார்கள். பூஜை அறையில் வையுங்க, ஆல்பத்தில் வேண்டாம்.

1985 ஹெச் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காம் ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்த காசு. ஏராளமாக வந்தது. வைத்துக்கொள்ள நல்ல காசு, லட்சத்துக்கு வாய்ப்பே கிடையாது. வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய்க்கும் இதே பதில். இப்படி விலை சொல்லி "பதிவுக் கட்டணம், வரி அனுப்புங்க" என்று கேட்பவர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே வருகிறார்கள். அப்படி எந்த வேலையிலும் தாங்கள் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. நீங்கள் நிறுத்திய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. திரும்பி வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் கையில் பழைய காசு இருக்கிறது, இப்போதைய விலை தெரியாது.

உங்க ஆல்பத்தில் உண்மையாகத் தேட வேண்டியது மின்ட் மார்க், அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சிறு குறி. 2003-க்கு முன் பெரும்பாலும் வருஷம் பார்த்து மட்டும்தான் அடுக்கியிருப்பீங்க. தேதிக்குக் கீழே பாருங்க: வைரக் கட்டம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், உருண்டைப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. நொய்டா 1988-இல் தொடங்கியது, அதற்கு முந்தைய தேதியில் புள்ளியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1997, 1998 வாக்கில் வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள். ஸ்டீல் ஒரு ரூபாயில் எம் எழுத்தின் தலையில் சிறு வட்டம் இருந்தால் மெக்சிகோ, எம்கே என்று இருந்தால் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா. 340 காசில் இவை ஒன்றிரண்டு கட்டாயம் சிக்கும். பைசா செலவில்லாமல் உங்க சேகரிப்பு இரண்டு மடங்கு சுவாரஸ்யமாகிவிடும்.

எடையையும் குறித்துக்கொள்ளுங்க. ஒரு ரூபாய் 1975 முதல் 8 கிராம், 1983 முதல் 6 கிராம், 1992-இலிருந்து ஸ்டீலில் 4.85 கிராம். பழைய கனமான 5 ரூபாய் 9 கிராம்.

விட்டுப்போன 20 வருஷத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: 2004 தேதியிலிருந்து நான்கு கை சிலுவை போன்ற கோடு போட்ட ஸ்டீல் காசுகள், அது பெரிய சர்ச்சையானது. 2007-இல் நாட்டிய முத்திரைக் கைகள். 2005 தேதியிலிருந்து இரட்டை உலோக 10 ரூபாய். 2011-இலிருந்து ரூபாய்க் குறியீடு போட்டவை. அந்த ஆண்டு ஜூன் 30-உடன் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் செல்லாமல் போயின. 2019-இல் தானியக் கதிர் போட்ட புது வரிசை, கூடவே 12 மூலை கொண்ட 20 ரூபாய். 2022 ஜூனில் சுதந்திர அமுதப் பெருவிழா முத்திரையுடன் 1, 2, 5, 10, 20.

இதில் 2019 வரிசையும் 2022 வரிசையும் இன்றைக்கும் கடைச் சில்லறையில் வரும், காசு கொடுத்து வாங்காதீங்க. 10 ரூபாய் வாங்க மறுக்கும் கடைகள் நம் பக்கம் நிறைய, அதனால் தேய்மானம் இல்லாத காசு பஸ் கண்டக்டரிடமும் கோயில் உண்டியல் சில்லறையிலும் சுலபமாகக் கிடைக்கிறது. 10 ரூபாய்க் காசில் 10 கோடு போட்டது, 15 கோடு போட்டது இரண்டுமே அசல்தான்; 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. 2004 முதல் 2010 வரைதான் தேடிப் பிடிக்க வேண்டிய காலம். அதை நாணயக் கண்காட்சியில் டீலர்களின் கலவைத் தட்டில் நீங்களே பொறுக்கி எடுங்க. ஒரு செட்டாக அடைத்து விற்பதில் நல்ல காசு மேலே, தேய்ந்தது நடுவில் இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏதாவது ஒரு தலைப்பை மட்டும் பிடியுங்க. தமிழ்நாடு தொடர்பான நினைவுக் காசு மட்டும் என்று வைத்தாலே நல்ல வேலை இருக்கிறது: தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-இல் வந்த வள்ளுவர் 1, 2, 5 ரூபாய் மூன்றும், காமராஜர் நூற்றாண்டு, தமிழ்க் கையெழுத்தோடு வந்த அண்ணா நூற்றாண்டு, பெரிய கோயில் ஆயிரமாண்டு, சி. சுப்பிரமணியம். வள்ளுவர் உங்க ஆல்பத்திலேயே இருக்கணும், பாருங்க. அரசு நாணயச்சாலையின் இணையக் கடையில் 100 ரூபாய், 1000 ரூபாய் என்று பெட்டியோடு வருபவை புழக்கத்துக்கு அல்ல. பிடித்தால் ஒன்றிரண்டு வாங்கலாம். முதலீடு என்று நினைத்து வாங்காதீங்க.

---

காலணா எழுதியது:

வைக்கிற முறையைச் சொல்லாமல் விட்டுட்டேன். 2 அங்குல அட்டை ஹோல்டர், ஜன்னல் மைலார் (பிவிசி இல்லாத தெளிவான பிளாஸ்டிக் தாள்) என்று போட்டிருக்கணும். காசைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிய ஜன்னல் எடுங்க, இறுக்கமாக இருந்தால் மைலார் கிழியும். மூணு பக்கம் ஸ்டேப்ளர் பின் அடிச்சதும் பின்னை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்குங்க. இல்லாட்டி அடுத்த ஹோல்டரில் இருக்கிற காசைக் கீறும். திறக்கணும்னா பின்னைப் பிடுங்காமல் அட்டையை வெட்டுங்க. பின் முனை உரசித்தான் பாதிக் காசு கெடுகிறது.

நாகை பக்கம் என்றால் பின் துருப்பிடிக்கும், வருஷம் ஒருமுறை பார்த்து மாற்றணும். இறுக மூடும் டிபன் டப்பாவில் ஹோல்டர்களை நிறுத்தி, 50 கிராம் சிலிகா ஜெல் பை ஒன்று போடுங்க. அதன் மணிகளின் ஆரஞ்சு நிறம் மாறினதும் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி போடலாம். ரப்பர் பேண்ட் போடவே கூடாது, அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். அந்துருண்டையும் வேண்டாம். பிளைவுட் பீரோவும் நல்லதில்லை, அதன் பசையிலிருந்து அமில ஆவி வரும். இரும்பு பீரோ நல்லது.

---

துலாக்கோல் எழுதியது:

செம்புக்காசைப் பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கெட்டியான கரும்பச்சை இருந்தால் பயமில்லை. வெளிர்பச்சைப் பொடி, பல்குத்தும் குச்சியால் தொட்டால் உதிர்கிறது என்றால் அது உப்பினால் வரும் அரிப்பு. அசிட்டோனில் போகாது, ஈரம் இருக்கும்வரை உள்ளேயே தின்னும். அந்தக் காசை உடனே தனி டப்பாவுக்கு மாற்றி, நிறைய சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

10.2 கிராம் 1862-ஐ இன்னும் ஒதுக்க வேண்டாம். 1862 என்ற தேதியை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். மும்பையில் அடித்தவற்றில் உண்மையான ஆண்டைக் காட்டத் தேதிக்குக் கீழும் மேலே மதிப்பெழுத்தின் அருகிலும் புள்ளிகள் வைத்தார்கள். போலிகளில் அந்தப் புள்ளிகள் சேறுபோல மழுங்கியிருக்கும். இரண்டு 1862-இன் இருபுறமும், விளிம்பும், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். தேதிக்குக் கீழே எத்தனை புள்ளி, தண்ணீரில் தராசு என்ன காட்டியது, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.